பூனை மேல் போட்ட பழி

போன மாதம் முழுக்க ஒன்றுமே எழுதவில்லையே, உடம்புக்கு என்ன என்று இரண்டு மூன்று நண்பர்கள் போன் செய்து விசாரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் மூன்று பேருக்குப் படர்தாமரை. இதைப் போய் எழுதுவதா, படிக்கிறவர்கள் நம் வீட்டுப் படியேறவே தயங்குவார்களே என்று யோசித்துக்கொண்டிருந்ததில் மாதம் ஓடிவிட்டது. எல்லோரும் இப்படி யோசித்து மறைப்பதால்தான் இது வீட்டுக்கு வீடு போகிறது என்று பிறகு தோன்றியது. என் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா நீங்க பண்ணதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் ஒரு பூனைக்குட்டி வந்து ஒண்டிக்கொண்டது. சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு. ஏழு வயதுப் பேத்தி அதைத் துண்டில் சுற்றி உள்ளே தூக்கி வந்துவிட்டாள். சொக்கி என்று பெயரும் வைத்தாள். அன்றிலிருந்து பாடம் படிக்கும்போது மடியில், தூங்கும்போது தலையணை ஓரத்தில், எப்போதும் சொக்கிதான்.

கார்த்திகை முடியும்போது பேத்தியின் முன்கையில் ஒரு வட்டம் வந்தது. விளிம்பு சிவந்து தடித்திருந்தது, நடுவில் தெளிந்திருந்தது. பத்து நாளில் காதுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, அந்த இடம் பொடுகு படிந்தது போல வெளுத்துக் கிடந்தது. "புழுவெட்டு" என்று சொல்லி என் மனைவி சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். அடுத்து மருமகளின் கழுத்தில் இரண்டு சிறு வட்டங்கள். என் மனைவிக்கோ இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

பூனையின் காதோரத்தில் கொஞ்சம் முடி கொட்டியிருந்ததை மருமகள் பார்த்துவிட்டாள். "மாமா, இதுகிட்டேருந்துதான் வந்திருக்கு. எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள். மறுத்துப் பேச எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொக்கியை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் தலையை மட்டும் வெளியே நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. மீன் விற்கும் பக்கத்தில் இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். சாயங்காலம் பேத்தி கேட்டாள். "அவங்க அம்மாகிட்ட போயிடுச்சு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

நாலு நாள் கழித்துத்தான் தோல் மருத்துவரிடம் போனோம். இந்த வரிசையே தப்பு என்று இப்போது தெரிகிறது. முதலில் டாக்டர், பிறகு தீர்ப்பு என்று இருந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "முதல்ல யாருக்கு வந்தது?" என்று கேட்டார். "குழந்தைக்கு. பூனைகிட்டேருந்து" என்று நான் முந்திக்கொண்டேன். என் மனைவி சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத்தான் மொதல்ல. ஆடி மாசத்துலேருந்து இருக்குது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூனை வந்தது ஐப்பசியில்.

36 வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். தபால் வந்த தேதியைப் பார்க்காமல் கோப்பில் ஒரு வரி எழுதக் கூடாது என்று எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் என் சொந்த வீட்டுக் கோப்பில் தேதி பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வரும் ஒரு சிறு விளக்கைப் பேத்தியின் தலையில் காட்டினார். வுட்ஸ் விளக்கு என்று பெயராம். உடைந்துபோன முடிகள் பச்சையாக மினுங்கின. "தாத்தா, எனக்கு ரேடியம் முடி!" என்று குழந்தை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். என் மனைவியின் இடுப்பில் அதே விளக்கைக் காட்டியபோது ஒன்றும் மினுங்கவில்லை. இரண்டு பேரிடமும் செதிலைச் சுரண்டி எடுத்து, ஒரு பாதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டிலும் பூஞ்சை நூல்கள் தெரிந்தன. மறுபாதியை வளர்த்துப் பார்ப்பதற்கு ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

"ரெண்டும் வேற வேற பூஞ்சையா இருக்கலாம் சார். குழந்தைக்குப் பூனைகிட்டேருந்து வந்திருக்கும். அம்மாவுக்கு வந்தது அப்படித் தெரியல. இத்தனை மாசமா என்ன போட்டீங்க?"

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தாள். நசுங்கிச் சுருண்ட ட்யூப். நான் வாங்கிக் கொடுத்தது.

ஆடி மாதம் அரிக்கிறது என்று அவள் சொன்னதும் மருந்துக்கடைக்குப் போய், "அரிப்புக்கு ஏதாவது கொடுப்பா" என்று கேட்டேன். மருந்துச்சீட்டு எங்கே என்று அவரும் கேட்கவில்லை. நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட அகலமாக வந்தது. மறுபடி தடவினோம், மறுபடி நின்றது. இப்படி ஐந்து மாதத்தில் ஏழெட்டு ட்யூப் வாங்கியிருப்பேன். குழந்தைக்கு வந்தபோது அதே ட்யூபை அவளுக்கும் பத்து நாள் தடவினோம்.

டாக்டரம்மா அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஒரே ட்யூபில் மூன்று மருந்துகள்: பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, மூன்றாவதாக க்ளோபிடசால் என்ற ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிகவும் வீரியமானவற்றில் அது ஒன்று. சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது அதுதான். அரிப்பு என்பது பூஞ்சையோடு நம் உடம்பு போடும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். நமக்குச் சுகமாக இருக்கும், பூஞ்சைக்கும் சுகமாக இருக்கும். எதிர்ப்பு இல்லாத இடத்தில் அது படரும். வட்டத்தின் வடிவமும் கலைந்துபோவதால் இது படர்தாமரைதானா என்று பார்க்கிற மருத்துவருக்கே சந்தேகம் வரும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வரி வரியாகக் கீறல் விழும். என் மனைவியின் இடுப்பில் அந்தக் கீறல்கள் விழுந்துவிட்டன. அவை இனி முழுதாக மறையாது என்று டாக்டர் சொன்னபோது, என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

மூன்று வாரம் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது. பேத்திக்கு மைக்ரோஸ்போரம் கேனிஸ், மனைவிக்கு ட்ரைக்கோபைட்டன் மென்டகரோபைட்டிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று இருந்தது. அதற்கு மேலே, எந்த ஊட்டப் பொருளில் வளர்த்தார்கள் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சபுரோ. ஆங்கிலத்தில் எழுத்தைக் கூட்டிப் படிப்பவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது சபுரோதான்.

பழைய புதுச்சேரிக்காரனுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் கிடைத்தால் விடுவானா? தேடிப் படித்தேன். ரெமோன் சபுரோ 1864-ல் பிரான்சின் நாந்த் நகரத்தில் பிறந்தவர். பாஸ்தர் நிறுவனத்தில் பயின்று, பாரிஸ் சேன் லுயி மருத்துவமனையில் தலைப் படைக்கு வைத்தியம் பார்த்தவர். சிற்பம் செய்வதிலும் ஈடுபாடு உள்ளவராம். 1938-ல் இறந்தார். பூஞ்சையைக் கண்ணாடிக் குப்பியில் வளர்ப்பதற்குச் சர்க்கரையும் பெப்டோனும் கலந்து அவர் உண்டாக்கிய ஊட்டப் பொருளைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். என் பேத்தியின் முடியும் அதில்தான் வளர்ந்தது.

படை நோய்க்குக் காரணம் பூஞ்சை என்பதை அவருக்கு முன்பே பாரிசில் க்ரூபி என்ற மருத்துவர் 1840-களில் கண்டு எழுதியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐம்பது வருடம் கழித்துச் சபுரோ அதை மீட்டெடுத்தார். இது ஒரு பூஞ்சை இல்லை, பல. அவற்றில் சில மனிதரிடமிருந்து மனிதருக்கு வருகின்றன, சில மிருகங்களிடமிருந்து வருகின்றன என்று பிரித்துக் காட்டினார். 1910-ல் இதைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் பெயரில் இருக்கும் சொல்தான் ‘தேஞ்’.

அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்பது வயதில் வகுப்பறையில் கேட்டேன்.

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. நான் படித்ததும் அப்படி ஒன்றில். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு பால்காரர் மகன். அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நானும் போய் அதைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் அவன் தலையில் சீழ் கட்டி, கையை வைத்தால் பொதபொதவென்று அமுங்கும் வீக்கத்தோடு வந்தான். வாத்தியார் எட்ட நின்று பார்த்துவிட்டு ‘தேஞ்’ என்றார். மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டு வந்தவனைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொல்லாத ஆள் என்றும் பொருள் உண்டு. எங்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. விளையாட்டு நேரத்தில் அவனைத் ‘தேஞ், தேஞ்’ என்று கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன். முதல் நாள் வரை அவன் கொண்டுவந்த வேர்க்கடலையில் பங்கு வாங்கித் தின்றவன் நான். இரண்டு மாதத்தில் அவன் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது படித்த பிறகு, அது கன்றுக்குட்டியிடமிருந்து வந்த ட்ரைக்கோபைட்டன் வெருகோசமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கன்றுகளின் முகத்திலும் கழுத்திலும் பொருக்குத் தட்ட வைப்பது அதுதான். பால் கறக்கிறவர்களுக்கும் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். மிருகத்திடமிருந்து வரும் பூஞ்சை நம் உடம்புக்கு அந்நியம். அதனால் பெரும்பாலும் உடம்பு அதை மூர்க்கமாக எதிர்க்கும், சீழும் வீக்கமும் அதனால்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் மனிதரோடு பழகிப்போன பூஞ்சைகள் அளவுக்கு இது ஆளுக்கு ஆள் சங்கிலியாகப் பரவிக்கொண்டே போவதில்லை. எங்களுக்கெல்லாம் அவனைவிட அந்தக் கன்றுக்குட்டியிடம்தான் ஆபத்து அதிகம். அதைத் தொட்டுக் கொஞ்சிய நாங்கள் அவனைத் தள்ளி வைத்தோம்.

சபுரோ காலத்துப் பாரிசிலும் இதே கதைதான். தலைப் படை வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். மருத்துவமனை வளாகத்திலேயே அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதற்கும் முந்திய காலத்தில் கீல் பூசிய தொப்பியைத் தலையில் ஒட்ட வைத்து, முடியோடு சேர்த்துப் பிய்த்து எடுப்பார்களாம். முடியை நீக்கினால்தான் பூஞ்சை போகும் என்ற நிலைமை. 1904-ல் சபுரோ எக்ஸ்-ரே கதிரை அளந்து காட்டி, வலியில்லாமல் முடியை உதிரச் செய்தார். இரண்டு வருடம் பிடித்த வைத்தியம் மூன்று மாதத்தில் முடிந்தது. உலகமே கொண்டாடியது. பல நாடுகளில் அரை நூற்றாண்டு காலம் குழந்தைகளின் தலையில் கதிரைக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகுதான் தலையிலும் தைராய்டிலும் கட்டிகள் அதிகம் வருவது தெரிந்தது. 1958 வாக்கில் கிரிசியோபுல்வின் மாத்திரை வந்து அந்த வைத்தியத்துக்கு முடிவு கட்டியது. என் பேத்திக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதே மாத்திரைதான். தலையில் வரும் படைக்கு மேல்பூச்சு மட்டும் போதாது, முடியின் வேருக்குள் இருப்பதால் உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும் என்றார்.

சபுரோ நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். அந்தக் கதிரின் கெடுதல் அவருக்குத் தெரிய வழியில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஸ்டீராய்டு களிம்பின் கெடுதல் தெரிந்த விஷயம். நம் நாட்டுத் தோல் மருத்துவர்களின் சங்கம் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, ட்யூபின் மேல் சிவப்பில் எச்சரிக்கையும் இருக்கிறது. கேட்டால் கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, நாம் கேட்கிறோம்.

அரசாங்க உத்தரவுகளைத் தட்டச்சு செய்தே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாங்குகிறவன் மாறாமல் எந்த உத்தரவும் கடைத்தெருவில் செல்லாது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. சீட்டு எங்கே என்று அவர் கேட்டிருந்தால் அடுத்த கடைக்குப் போயிருப்பேன். டாக்டர் பீஸ் மிச்சம், காத்திருக்கும் நேரம் மிச்சம், இடுப்பைக் காட்டும் கூச்சம் மிச்சம் என்று கணக்குப் போட்டவன் நான்தான். அந்த மிச்சத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவிக்கு வந்த வகைதான் இன்று நம் நாட்டில் பெரிய தலைவலி. மென்டகரோபைட்டிஸ் என்ற பழைய குடும்பத்தில் எலி, முயல், சீமைப்பெருச்சாளி போன்றவற்றிடமிருந்து வரும் வகைகள் உண்டு. அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருக்கிறது. 2020-ல் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டீனியே என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாபின் என்ற நல்ல மருந்துக்கு அது பல இடங்களில் கட்டுப்படுவதில்லை. இப்போது வெளிநாடுகளிலும் காண்கிறார்கள். அரைகுறை வைத்தியமும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப்களும் அதற்கு வழி விட்டிருக்கின்றன என்பது மருத்துவர்கள் பலரின் கருத்து. உலக வரைபடத்தில் நம் பெயரைப் பொறிக்க வேறு எவ்வளவோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன.

எங்கள் பாட்டி இதற்கு வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுவாள். சீமை அகத்தி என்றும் சொல்வார்கள், மஞ்சள் மெழுகுவர்த்தி போலப் பூக்கும். பிரெஞ்சில் அதன் பெயர் ‘தார்த்ரியே’, படையைப் போக்கும் செடி என்று பொருள். பூஞ்சையை அடக்கும் சத்து அதில் உண்டு. அதற்காக எல்லோரும் இலை அரைக்கப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, தலைக்குள் போன பூஞ்சைக்கு அது பற்றாது. பாட்டியின் இலை குணமாக்காவிட்டாலும் நோயை மறைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல வருகிறேன். பெயர் வைப்பதிலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஆங்கிலத்தில் இதை வட்டப் புழு என்கிறார்கள், லத்தீனில் அந்துப்பூச்சியின் பெயரைச் சொன்னார்கள். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. படரும், தாமரை இலை போல வட்டமாகப் படரும் என்று கண்ணால் கண்டதை மட்டும் சொன்னது தமிழ்தான்.

சரி, மிருகத்துக்கு வருகிறேன். சொக்கி குற்றவாளியே இல்லை என்று நான் வாதாடவில்லை. பேத்திக்கும் மருமகளுக்கும் அதனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். கேனிஸ் என்றால் லத்தீனில் நாய் சம்பந்தப்பட்டது. பெயர்தான் நாய், பெரும்பாலும் குடியிருப்பது பூனையிடம். குட்டிகளுக்குச் சுலபமாக வரும். சில பூனைகள் வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் முடியில் வித்துகளைச் சுமந்துகொண்டு திரியும். உதிர்ந்த முடியிலும் செதிலிலும் அந்த வித்துகள் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

இதைப் படித்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு முழுதாக உறைத்தது. பூனையை வெளியே அனுப்பினேன், அதன் முடி வீட்டில் பாய், தலையணை, சோபா எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. நோய் வெளியே போகவில்லை. அது மட்டுமில்லை, நோயுள்ள குட்டியை நாலு பேர் நடமாடும் இடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அலுவலகத்தில் சில பேர் இருப்பார்கள். சிக்கலான கோப்பு வந்தால் முடிக்க மாட்டார்கள், ஏதோ ஒரு குறிப்பு எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். அதற்கடுத்த இரண்டு நாளும் போனேன். மூன்றாம் நாள் மீன் விற்கும் ஒரு அம்மா, "சாம்பக் கலர் குட்டியா ஐயா? அது அன்னைக்கே போயிடுச்சே. ஒரு சின்னப் பொண்ணு அழுது அடம் புடிச்சு எடுத்துக்கினு போச்சு" என்றார். யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியவில்லை. விஷயத்தைச் சொல்லி, அந்தப் பிள்ளை திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், பூனையையும் காட்டச் சொல்லுங்கள், செலவை நான் தருகிறேன் என்று என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை போன் வரவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டில் படர்தாமரை வந்தால் பூனையையோ நாயையோ தேடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள். யாருக்கு எப்போது வந்தது என்று வீட்டில் எல்லோரையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். பெண்கள் இடுப்பிலும் தொடையிலும் வந்ததைச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். செதிலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை சில நிமிட வேலை, அதைச் செய்து பார்த்து மருந்து எழுதும் டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் ட்யூபை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். க்ளோபிடசால், பீட்டாமெதசோன், மொமெடசோன் என்று இருந்தால் படர்தாமரைக்கு அதைத் தடவ வேண்டாம். வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதித் தந்த ட்யூபாக இருந்தால் நிறுத்துமுன் அவரையே கேளுங்கள். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். துண்டு, சோப்பு, உடை ஆளுக்குத் தனியாக வைத்து, வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். ஈரத்தோடு உள்ளாடையும் அரைஞாண் கயிறும் இடுப்பில் கிடக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

பூனை, நாய், கன்றுக்குட்டி எதுவானாலும் முடி கொட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் ஊரில் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மிருகத்துக்கும் இதற்கு வைத்தியம் உண்டு, குணமாகும். அதுவரை ஒரு தனி அறையில் வைத்து, தொட்டால் கை கழுவி, உதிர்ந்த முடியைத் தினமும் பெருக்கித் துடைத்தால் போதும். நமக்குக் கொடுத்த களிம்பை அதற்குத் தடவாதீர்கள், நக்கிவிடும்.

பேத்தியின் தலையில் இப்போது குட்டி குட்டியாக முடி முளைத்திருக்கிறது. மருமகளுக்குச் சரியாகிவிட்டது. என் மனைவிக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சொக்கி அம்மாவிடம் போகவில்லை, தாத்தாதான் கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அதுக்கு மருந்து குடுத்திருந்தா சரியாயிருக்கும் இல்ல தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ, மார்கழியில் பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த சாம்பல் நிறக் குட்டி ஒன்று இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். வலது காதோரம் முடி கொஞ்சம் குறைவாக இருக்கும். சொக்கி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.